61 வயதில் களரியில் சேரலாமா? கை ஒடிந்த பிறகு விழுந்துவிடுவேனோ என்ற பயம் விடவில்லை

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், வயது 61. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் அடுக்களைப் படியில் பாசி பிடித்திருந்ததைக் கவனிக்காமல் கால் வைத்து வழுக்கிவிட்டேன். கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கை சேர்ந்துவிட்டது, தேங்காய்கூடத் திருவ முடிகிறது. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. முற்றத்தில் இறங்கினால் தரையைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன், குளிக்கப் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மழை பெய்தால் கோயிலுக்கும் போவதில்லை, கடைக்கும் போவதில்லை. கட்டு பிரித்த இடத்தில் "வயசாயிட்டுதில்லா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் போய் நான்கு வருடம் ஆகிறது. மூத்தவன் துபாயில், இளையவள் பக்கத்து ஊரில். ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிய காரியம். சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. வலது முட்டி வலி உண்டு. 26 வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தரையோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை தல்லி உடைத்த முட்டி, அதை நான் குறை சொல்லவும் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் வயிற்றுப் பேத்தி சனி, ஞாயிறு களரிக்கு, அதாவது களரிப்பயிற்றுத் தற்காப்புக் கலை வகுப்புக்கு, போகிறாள், கூட்டிக்கொண்டு போய் திண்ணையில் உட்கார்ந்திருப்பது நான்தான். பிள்ளைகள் சுவடு, அதாவது காலடி முறை, வைப்பதைப் பார்த்துப் பார்த்து என் காலும் தரையில் தானாக அசைகிறது. போன வாரம் ஆசான் அதைக் கவனித்துவிட்டு, "அம்மா, நீங்களும் வந்து நில்லுங்க, மெதுவாப் பாப்போம்" என்றார். அன்றிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. மகனிடம் போனில் சொன்னேன், "இந்த வயசுல எதுக்கும்மா, இன்னொரு கை ஒடியவா" என்கிறான். மைனி சிரிக்கிறாள்.

60க்கு மேல் தொடங்கியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? முட்டி தாங்குமா? களரி நல்லதா, சிலம்பம் நல்லதா? ஆசானிடம் முன்கூட்டியே என்னவெல்லாம் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா பதில்:

தங்கச்சி, நான் தொடங்கியது 59ல், இப்போது 66. அதனால் உனக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

எங்கள் ஊர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் பேசுவோம். வீட்டுக்காரர் தவறிய பிறகு நானும் உன்னைப்போல்தான் கிடந்தேன். இரண்டு மாடு இருந்தது, அதுகளுக்குத் தண்ணி காட்ட எழுந்திருப்பேன், சொசைட்டியில் பால் ஊற்றுவேன், திரும்ப வந்து படுத்துக்கொள்வேன். ஆடி மாசம் கணவாய்க் காற்று கதவைப் போட்டு அடிக்கும்போது உடம்பெல்லாம் நடுங்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாடுகளை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு வந்துவிடு என்பார்கள். களரிக்குப் போனது மருமகளின் வற்புறுத்தலால். அவள் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு குறைக்கச் சேர்ந்தாள், தனியாகப் போகக் கூச்சம், துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் மூன்று மாதம் எனக்கு வாளும் இல்லை, வடி என்கிற கம்பும் இல்லை. நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். நம்பு, 59 வயதுவரை நான் நிற்கத் தெரியாமல்தான் நின்றிருக்கிறேன். எடை முழுக்க இடது காலில் போட்டு இடுப்பை ஒடித்து நிற்பேன், மாட்டுக்குக் குனிந்தே பழகியதால் தலை முன்னால் தள்ளியிருக்கும். இரண்டு காலிலும் எடையைச் சமமாக வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, முதுகை நேராக வைத்து ஐந்து நிமிடம் நின்றாலே தொடை எரியும். அப்புறம் கால் எடுப்பு. நேர்க்கால் என்றால் காலை நேராக வீசி, தலைக்கு மேல் நீட்டிய கையைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் படார் என்று தொடுவார்கள். குருக்கள் (எங்கள் பக்கம் களரி ஆசானை அப்படித்தான் சொல்வோம்) எனக்கு, "இடுப்புக்கு மேல கால் போக வேண்டாம், ஆனா நிக்கிற கால் ஆடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நமக்கு வேண்டியது அந்த நிற்கிற கால்தான், வீசுகிற கால் இல்லை. இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆனது.

யானை வடிவு, சிங்க வடிவு, குதிரை வடிவு, பாம்பு, மயில், சேவல் என்று உடம்பைத் தாழ்த்தி வைக்கிற நிலைகள் இருக்கின்றன. யானை வடிவில் மற்றவர்கள் தொடை தரைக்கு இணையாகும் அளவுக்கு இறங்குவார்கள். எனக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டுவைத்தார்கள், அதில் உட்காரப் போவதுபோல இறங்கி, உட்காராமல் எழுந்திருக்க வேண்டும். முட்டி வலி எனக்கும் இருந்தது, முழுதாகப் போகவில்லை, பாதி குறைந்தது. பொய் சொல்ல மாட்டேன், மழைக்காலத்தில் இன்னும் முனகும்.

மனசுக்கு என்ன செய்தது என்றால், அங்கே குருக்கள் வாயால் சொல்லச் சொல்ல நாம் செய்ய வேண்டும், அதற்கு வாய்த்தாரி என்று பெயர். வலது முன்னால், இடது மாற்றி, தாழ்ந்து, திரும்பி, வெட்டி என்று வரிசையாக வரும். அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது, நினைத்தால் காலடி தப்பிவிடும். ஒரு மணி நேரம் செத்துப்போனவரையும் நினைக்காமல், ஓடிப்போன தூக்கத்தையும் நினைக்காமல் இருந்தேன் என்று ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. வரப்பில் நின்று அழுதேன். துக்கத்தில் அழவில்லை, என்ன அழுகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூக்கம் நான்காம் மாதத்தில் திரும்பியது.

வடகரையில் மீனாட்சி அம்மா இருக்கிறார் அல்லவா, 2017ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, எழுபதைத் தாண்டியும் வாள் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வீடியோவை எல்லோரும் எனக்கு அனுப்புகிறார்கள். பார், மனசு நிறையும். ஆனால் அவர் ஏழு வயதில் களரியில் இறங்கியவர். நாம் 60ல் இறங்குகிறோம். அவரைப் பார்த்துத் தைரியம் எடுத்துக்கொள், குதிப்பதை எடுத்துக்கொள்ளாதே.

சேலை வேண்டாம், நைட்டி வேண்டவே வேண்டாம். கணுக்காலுக்கு மேல் நிற்கிற பேண்டும் லூசான சட்டையும் போதும்.

பாறசாலை பிசியோ பதில்:

அம்மா, நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன், என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள்தான். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு ஒடிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டெக்ஸா ஸ்கேன் என்று ஒன்று உண்டு, இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி பார்ப்பார்கள், வலி கிடையாது, படுத்திருந்தால் போதும். டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலியத் தொடங்கியிருக்கிறது. களரியில் கால் வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெஸ்ட் எடுங்கள் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர் நடையைக் குறைப்பார், நடை குறைந்தால் தொடைத் தசை கரையும், தசை கரைந்தால் கால் தடுக்கும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, சின்னச் சின்ன அடியாக நடப்பது பாதுகாப்பாகத் தோன்றும், உண்மையில் அந்த நடைதான் சீக்கிரம் தடுக்கும். அதனால் நீங்கள் எழுந்திருக்க நினைப்பது சரிதான். 2019ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 108 சோதனைகளை, 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. அதிலும் சமநிலைப் பயிற்சிதான் முக்கியமாகக் கைகொடுத்தது. சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியைத் தனியாகப் பார்த்தபோது சுமார் 19 சதவீதம். உலக சுகாதார அமைப்பும் 2020 வழிகாட்டியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலையும் தசை பலமும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, திரும்புவது, தாழ்ந்து எழுவது, இதெல்லாம் சுவடில் இருக்கிறது. தாய்ச்சியைத் தேடி நீங்கள் எங்கேயும் போக வேண்டாம்.

மனசைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க்கில் 67லிருந்து 93 வயதுவரை உள்ளவர்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள், 2012ல் வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனால் கராத்தே குழுவில் மனச்சோர்வு குறைந்திருந்தது. 93 வயது என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ஆனால் படபடப்பும் தூக்கமின்மையும் இருக்கிறது என்கிறீர்கள், அதைக் களரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். ஈசிஜி, தைராய்டு எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்துபாருங்கள், பக்கத்தில் மகளை நிற்கச் சொல்லி. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60லிருந்து 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் போதாது என்று அர்த்தம். அடுத்தது, ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் பெருவிரலைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து பத்து வினாடி நில்லுங்கள். நிற்க முடியாவிட்டால் முதல் மாதம் சுவரையோ கம்பையோ பிடித்துக்கொண்டுதான் பயிற்சி. தேதி போட்டு எழுதிவையுங்கள், மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்க.

எலும்பு மெலிந்திருந்தால் செய்யக் கூடாதவை உண்டு. இடுப்பிலிருந்து முதுகை வளைத்துக் குனிந்து தரையைத் தொடுவது, குனிந்த நிலையில் முதுகை முறுக்குவது, குதிப்பது, மல்லாந்து வளைவது. இதில் எதுவும் வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் தாழ்ந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், மெதுவாக எழுந்து மூன்று மூச்சு விட்டு அடுத்த அடி வையுங்கள். மூச்சை அடக்கி முக்குவது கூடாது, பிரஷர் ஏறும். கண்ணில் அழுத்தம் இருக்கிறவர்கள் தலையைக் கீழே தொங்கவிடும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும்.

அப்புறம் கர்க்கடகத்தில், அதாவது உங்களுக்கு ஆடியில், களரியில் உழிச்சில் நடக்கும். கையால் எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துச் செய்கிற சவிட்டி உழிச்சில் மெலிந்த எலும்புக்கு ஆகாது. ஆசான் கோபித்துக்கொண்டாலும் சரி, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செங்கோட்டை மகன் பதில்:

நான் எதிர்த்துப் பேச வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கு 64 வயதில் ஒரு தற்காப்பு வகுப்பில் நானே சேர்த்துவிட்டேன், எந்த ஊர், யார் என்று எழுதப் போவதில்லை. நான்காவது வகுப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வைத்து, முட்டியை மடக்காமல் குனிந்து பாதத்தைத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மானத்துக்குப் பயந்து முடியாது என்று சொல்லவில்லை, இரண்டு தடவை தொட்டுவிட்டார். மூன்றாவது தடவை நடு முதுகில் சுளீர் என்றதாம். வீட்டுக்கு வந்து வாயுப் பிடிப்பு என்று நினைத்து நீவிவிட்டோம், பத்து நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கியிருக்கிறது. எலும்பு மெலிந்திருந்ததே அப்போதுதான் தெரியும். மூன்று மாதம் பெல்ட் போட்டுப் படுத்தார். அந்த மூன்று மாதமும் என்னால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிசியோ எழுதியதை அன்றைக்கு யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் போதும். இப்போது அம்மா நடக்கிறார், வீட்டு வேலை செய்கிறார், ஆனால் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. அவருக்கு இப்போது 67. திரும்பவும் ஏதாவது செய்யலாமா, இல்லை இனி நடை மட்டும்தானா?

பாறசாலை பிசியோ பதில்:

செய்யலாம், சார். நடை மட்டும் போதாது, நடையால் இதயத்துக்கு நல்லது, சமநிலைக்கு அது அவ்வளவாக உதவாது. முதலில் எலும்புக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரு தடவை முதுகெலும்பு நசுங்கியவருக்கு அடுத்ததும் நசுங்க வாய்ப்பு அதிகம். டாக்டர் சரி என்றால் முதுகை நிமிர்த்தும் பயிற்சியில் தொடங்கி, சுவரோரம் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் அடி வைப்பது என்று போகலாம். முன்னால் குனிவது மட்டும் இனி எப்போதும் வேண்டாம். கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமானால் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. அம்மா வாயைத் திறந்து முடியாது என்று சொல்லும் இடமாக அந்த வகுப்பு இருந்திருக்க வேண்டும், அது இல்லை.

சுவடு வீச்சு, நாகர்கோவில், பதில்:

அம்மா, நான் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். 12 வருடமாக. பெண்களுக்கென்று தனியாகக் காலை வகுப்பும் நடத்துகிறேன், அதில் 50 தாண்டியவர்கள் ஆறு பேர். களரியா சிலம்பமா என்று கேட்டீர்கள். எது நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதோ அது. பஸ் ஏறிப் போக வேண்டிய இடத்துக்கு மழைக்காலத்தில் நீங்கள் போக மாட்டீர்கள். நம் மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் பெய்யும், வருடத்தில் பாதி நாள் அதற்கே போய்விடும்.

உங்கள் ஆசான் சொல்லிக்கொடுப்பது தெக்கன், அதாவது தெற்கத்தி, முறையாகத்தான் இருக்கும், நம் பக்கத்து அடிமுறை. வட கேரளத்து வடக்கன் முறை அளவுக்கு அதில் தாழ்ந்த நிலைகளும் பாய்ச்சலும் கிடையாது, நின்றபடி சுவடு வைத்துக் கையால் தடுப்பதும் அடிப்பதும்தான் அதிகம். முட்டி வலிக்காரர்களுக்கு இது சாதகம். ஒற்றைச்சுவடு ஆளில்லாமல் தனியாகச் செய்வது, அதிலேயே ஆறு மாதம் இருங்கள். கூட்டுச்சுவடு எதிராளியோடு, அதற்கு அவசரமே இல்லை. எதிராளி வேண்டும் என்று ஆசையாக இருந்தால் உங்கள் வயதுக்காரர் ஒருவரைக் கேளுங்கள், துள்ளுகிற பையன்களோடு வேண்டாம்.

கம்பு பிடிக்க ஆசை வந்தால், சிலம்பக் கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும். ஆனால் தொடக்கத்தில் கனமான மூங்கில் வேண்டாம், மெல்லிய பிரம்பு எடுங்கள். கம்பு கையில் இருந்தால் இன்னொரு லாபம், மூன்றாவது காலாக ஊன்றிக்கொள்ளலாம். என்னிடம் வரும் ஒரு அம்மா, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், விடியற்காலை இருட்டில் சரிவில் ஏறி இறங்க வேண்டிய வேலை. "டீச்சரே, இப்போ சரிவுல கால் தானா பக்கவாட்டுல போயி நிக்குது" என்றார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கச் சுவடு மட்டும்தான், சரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தரையைப் பாருங்கள். மண் தரை, சாணி மெழுகிய தரை நல்லது. டைல்ஸ் போட்ட ஹாலில் மழை ஈரத்தோடு பயிற்சி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். சர்க்கரை இல்லை என்றீர்கள், நல்லது. சர்க்கரைக்காரர்களில் பாதம் மரத்திருப்பவர்களை நான் வெறுங்காலோடு விடுவதில்லை, சின்னக் கல் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது.

விழப் பழகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தில் ஜூடோ மாதிரி பக்கவாட்டில் உருண்டு விழும் முறையை முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், இடுப்பெலும்பில் விழும் அடி குறைகிறது. அங்கே தடித்த மெத்தையும் இடுப்புக் கவசமும் போட்டுச் செய்கிறார்கள். நம் களரியில் அது எதுவும் இல்லை, அதனால் விழுந்து பழகாதீர்கள். தரையிலிருந்து எழுந்திருக்கப் பழகுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் வந்து, வலிக்காத முட்டியை முன்னால் வைத்து, கம்பையோ நாற்காலியையோ பிடித்து எழுவது. பாயை விரித்து அதன் மேல், தினமும் இரண்டு தடவை, மகள் வீட்டில் இருக்கும்போது. விழுந்தாலும் எழுந்துவிடலாம் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும், நான் பார்த்திருக்கிறேன்.

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியாது. ஏழு வாரம் கழித்துதான் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

முதலில் ஸ்கேன் எடுத்தேன். மைனஸ் 2.1. எலும்புப்புரை என்று சொல்ல மாட்டோம், ஆனால் ஏற்கெனவே ஒடிந்த கை என்பதால் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வைட்டமின் டி மிகவும் குறைவு, அதற்கு மருந்து தந்திருக்கிறார். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறேன், கேப்பைக் கஞ்சி தொடங்கியிருக்கிறேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. நாற்காலிச் சோதனையில் ஒன்பதுதான் வந்தது. மகள் எண்ணிக்கொண்டே வந்தவள் ஒன்பதில் நான் நின்றதும் ஒன்றும் பேசாமல் என் முதுகைத் தடவினாள்.

ஆசானிடம் ஸ்கேன் தாளைக் கொடுத்தேன். அவர் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்கு இது வாசிக்கத் தெரியாது, என்ன செய்யக் கூடாதுண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார். பிசியோ எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். குனியக் கூடாது என்றதும், வணக்கத்தில் தரையைத் தொட்டு நெற்றியில் வைக்கும் இடத்தில் என்ன செய்வது என்று அவரே யோசித்தார். கடைசியில் நான் முட்டி மடக்கி, கம்பைப் பிடித்து இறங்கித் தொடுகிறேன். எல்லோரும் ஒரு வினாடியில் தொட்டு எழுவார்கள், எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை பிள்ளைகள் எல்லோரும் காத்து நிற்கிறார்கள். முதல் நாள் அது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

தூக்கம் நான்கரை மணி நேரம் ஆகியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறை அக்கா, நீங்கள் சொன்ன அந்த வரப்பு அழுகை எனக்கும் வந்தது, குளியலறையில். சுவரைப் பிடிக்காமல் நின்றுகொண்டு தலையில் தண்ணி ஊற்றியிருக்கிறேன் என்று பாதிக் குளியலில்தான் தெரிந்தது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மைனி சிரிப்பதை விட்டுவிட்டாள், போன சனிக்கிழமை என்னோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

மகனுக்கு வீடியோ அனுப்பவில்லை. லீவுக்கு வரும்போது நேரில் காட்டலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த வாரம் பிரம்பு தருகிறேன் என்று ஆசான் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில் தங்கச்சி, ஒன்று கேட்க வேண்டும். ஒடிந்தது வலது கை, எனக்கு எல்லாமே வலது கைப் பழக்கம். அந்தக் கையிலேயே தொடங்கவா, இடது கையில் தொடங்கவா?

சுவடு வீச்சு, நாகர்கோவில், பதில்:

இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பு உயரத்தில் முன்னால் நீட்டித் திருப்புவதில் தொடங்குங்கள் அம்மா, சுற்றவே வேண்டாம். அப்போது வலது மணிக்கட்டுக்கு இடது கை துணையாக இருக்கும். இரண்டு வாரம் அப்படிச் செய்து காலையில் மணிக்கட்டு வீங்காமல் இருந்தால் இடது கையால் மட்டும் சுற்றுங்கள், வலது கை கடைசியில். சுற்றும்போது கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கம்பு ஓட வேண்டும். பிரம்பை வாங்கியதும் வேப்பெண்ணெய் தடவி நிழலில் வையுங்கள், இந்த மழையில் பூஞ்சை பிடித்துவிடும். மைனிக்கும் ஒன்று சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.